படையலில் வைத்த பச்சைத் தண்ணீர்

டுரியான் துங்காலில் நீங்கள் நடத்திய மொழிபெயர்ப்புப் பட்டறைக்கு என்னைக் காரில் அழைத்துப் போனீர்கள். மாலை போட்டீர்கள். நல்ல மீகூன் கோரெங்கும் வாங்கிக் கொடுத்தீர்கள். சாப்பிட்ட கையோடு திட்டுவது மரியாதை இல்லை என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பாடமாக வைத்த கதை கஸ்தூரியுடையது. அவள் செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சாமான்களின் தரம் பார்க்கும் கியூசி வேலை பார்க்கிறாள். பிறந்தது ரெம்பியாவுக்கு அருகே ஒரு எஸ்டேட்டில். ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் ஆங்கிலம் என்று அச்சான புத்தகத்திலிருந்து நகலெடுத்து எல்லோர் கையிலும் கொடுத்திருந்தீர்கள். தீபாவளிக்கு முதல் நாள், செத்துப்போன புருஷனுக்கு ஒரு விதவை படையல் போடுகிறாள். அவருக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் போத்தலைத் திறந்து, பாதியை அவருடைய கிளாஸில் ஊற்றிவிட்டு, மீதியைத் தானே குடிக்கிறாள். அத்தோடு கதை முடிகிறது.

உங்களில் ஒரு பையன் எழுந்து, "வட்டாரக் கதை உலகக் கதையா மாறுற எடம் இந்தக் கடைசி வரிதான் ஆன்ட்டி" என்றான். எல்லோரும் தலையாட்டினீர்கள். பின்னால் இருந்த ஒரு பெண், "இவ்ளோ நல்லா எழுதறவங்க ஏன் ஆன்ட்டி வேற கதையே எழுதல?" என்று கேட்டாள். நான் "தெரியல லா" என்றேன். தெரியும். அந்தக் கடைசி வரியைக் கஸ்தூரி எழுதவில்லை. மொழிபெயர்ப்பு என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், நானும் எழுதவில்லை. அந்தப் புத்தகம் வந்த பிறகு அவள் எழுதுவதை விட்டாள், நான் வேலையை விட்டேன்.

முதலில் எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மலாக்கா டவுனில் ஒரு கடைவரிசையின் மாடியில் பதிப்பகம் வைத்திருந்தார். கீழே டயர் கடை. ரப்பர் வாசனையிலேயே பிறந்து, ரப்பர் வாசனையிலேயே புத்தகம் போடுகிறோம் என்று சிரிப்பார். தொழிலில் எனக்குத் தெரிந்த அத்தனையும் அவர் சொல்லிக் கொடுத்தது. நான் முதன்முதலாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கதையில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டிருந்தேன். கங்காணி என்றால் யார், தவரணை என்றால் என்ன என்று விளக்கம். அண்ணன் பார்த்துவிட்டு என் மேசையிலேயே திருப்பி வைத்தார். "அடிக்குறிப்பு படிக்க வாசகன் குனியணும். அவன் நிமிர்றதுக்குள்ள கத கெளம்பிப் போயிருக்கும். சொல்ல வேண்டியத கதைக்குள்ளயே சொல்லு, இல்லாட்டி வுட்டுடு" என்றார். அன்றிலிருந்து நான் அடிக்குறிப்பு போட்டதில்லை.

இன்னொரு சமயம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெரிய எழுத்தாளர் வந்திருந்தார். எங்கள் கதைத் தொகுப்பை மேடையில் வைத்துக்கொண்டே, "லா எதற்கு, பாசார் மாலாம் எதற்கு? உலகம் முழுக்க இருக்கிற தமிழ் வாசகனுக்குப் புரிய வேண்டாமா?" என்று அறிவுரை சொன்னார். அண்ணன் மைக்கை வாங்கினார். "ஐயா, நீங்க எழுதுற ஆத்தையும் வாய்க்காலையும் நாங்க பாத்ததே இல்ல. ஒரு நாளாச்சும் எங்களுக்குப் புரியல, எடுத்துடுங்கன்னு சொன்னமா? தேடிப் பாத்துப் படிச்சோம் லா. இப்ப நீங்க கொஞ்சம் தேடுங்க" என்றார். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த மனுஷன் இருக்கும்வரை நம் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். நம்பிக்கைக்கு என்ன, காசா பணமா!

பிறகு அந்த வெளிநாட்டுப் பதிப்பகம் வந்தது. உலகத்தின் மூலைகளிலிருந்து கதைகளைத் திரட்டி வரிசையாகப் புத்தகம் போடுகிறார்களாம். மலாக்கா தமிழர்களுக்கும் ஒரு புத்தகம். மூலை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு எரிந்தது. நடுவீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த விருந்தாளி வந்தது போல ஓடினார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. தமிழ்நாடு எங்களைத் திரும்பிப் பார்க்காது. இந்த நாட்டு இலக்கியம் என்றால் அதில் தமிழ் கணக்கில் வராது. மனுஷன் எத்தனை காலத்துக்குத்தான் டயர் கடை மாடியில் உட்கார்ந்து தனக்குத்தானே புத்தகம் போட்டுக்கொள்வார்?

அப்போது கஸ்தூரி கொண்டு வந்ததுதான் இந்தக் கதை. கதை என்று பெயர், நடந்தது அவள் வீட்டில். உங்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். ஆட்டுக்கறி, பற்றவைத்த ரோக்கோ, ஸ்டவுட். சாமி கும்பிட்டுக் கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் வெளியே நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகு நாம் சாப்பிடுவோம். படையலில் வைத்த ஸ்டவுட்டை வீட்டு ஆம்பிளைகள் எடுத்துக் குடிப்பார்கள்.

கஸ்தூரியின் அப்பா குடிகாரர். குடித்தால் கை நீட்டுவார். அவர் செத்து முதல் தீபாவளிக்கு அம்மா பாக்கியம் எல்லாவற்றையும் முறையாக வைத்தார். இரண்டாவது தீபாவளிக்கு இலை போட்டார், கறி வைத்தார், ரோக்கோ வைத்தார். ஸ்டவுட் இருந்த இடத்தில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் வைத்தார். மூத்த மகன் குதித்தான். "அப்பாவ அசிங்கப்படுத்துறீங்களா?" என்று கேட்டான். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உசுரோட இருந்தப்ப ஊத்திக் குடுத்தேன். அடிக்கிற கைக்குத்தான் ஊத்திக் குடுத்தேன். செத்ததுக்கப்புறமும் நாந்தான் ஊத்தணுமா?"

மகன்கள் இரண்டு பேரும் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். பாக்கியத்தம்மா ரெம்பியாவில் ஒரு மலிவு விலை வீட்டில் தனியாகப் போய் இருந்தார். அந்த ஒரு கிளாஸ் தண்ணீருக்கு அவர் கொடுத்த விலை பெற்ற பிள்ளைகள். கதை எழுதட்டுமா என்று கஸ்தூரி கேட்டபோது, "எழுதிக்க. ஆனா நடந்தத எழுது. கூட்டாத, கொறைக்காத" என்று மட்டும் சொன்னாராம். இதைக் கஸ்தூரி முதல் நாளே அண்ணனிடமும் என்னிடமும் சொல்லிவிட்டாள்.

நான் மொழிபெயர்த்து அனுப்பினேன். சில வாரம் கழித்து அந்த வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் கணினித் திரையில் வந்தார். நல்ல பெண்மணி. அதட்டாத குரல், வரிக்கு வரி படித்திருந்தார். இந்தத் தொழிலில் உங்களைக் கெடுக்கப்போவது கெட்டவர்கள் இல்லை, இப்படிப்பட்ட நல்லவர்கள்தான். அவர் சொன்னார்: "தண்ணீர் எங்கள் வாசகருக்குக் கோபமாகப் படாது. உலகம் முழுக்கத் தண்ணீர் என்றால் தூய்மை, அன்பு. அவள் கணவனை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். பாதியை அவருக்கு ஊற்றி, மீதியை அவளே குடித்தால் எப்படி? எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அது புரியும்."

கஸ்தூரி தமிழிலேயே பதில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் மாற்றினேன். "எங்கம்மா குடிக்க மாட்டாங்க" என்றாள்.

"புரிகிறது. ஆனால் இது கதைதானே?"

"கததான். ஆனா குடிக்க மாட்டாங்க."

திரை அணைந்ததும் அண்ணன், "அவங்க சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு லா" என்றார். பாயிண்ட் இருந்தது என்பதுதான் கொடுமை. தண்ணீர் அங்கே வேறு மாதிரி படும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து முடிவை வெட்டுவது இல்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் 'உலக வாசகர்' என்று சொன்னால், எந்த ஊர் என்று கேளுங்கள். எந்தத் தெரு என்றும் கேளுங்கள். நம்முடைய ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதனால் அது வட்டாரம். அவர்களுடைய ஊருக்கும் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அது உலகம் ஆகிவிடுகிறது.

நான் கஸ்தூரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "மொத வருஷம் அம்மா ஸ்டவுட் வச்சாங்களே, அத எப்பிடி ஊத்துனாங்க? அத எழுது. முன்னாடி ஒரு எடத்துல வை." மறுநாள் வேலை முடிந்து நேராக எங்கள் மாடிக்கு வந்து எழுதினாள். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரை வராமல், ஓரமாக ஊற்ற வேண்டும். நுரை வந்த நாட்களில் என்ன நடக்கும் என்று கதையில் வரும் அந்த மனைவியின் கன்னத்துக்குத் தெரியும். புருஷன் செத்த பிறகும், முதல் படையலில், யாரும் அடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், அவள் கை தானாகக் கிளாஸைச் சாய்த்தது. இவ்வளவுதான் அந்தப் பத்தி. பிறகு கஸ்தூரி முடிவில் 'நிமிர்த்தி' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் சேர்த்தாள். 'கிளாஸை நிமிர்த்தி வைத்து, பச்சைத் தண்ணீரை ஊற்றினாள்.' அதுதான் கதையின் கடைசி வரி. நீங்கள் யாரும் இதுவரை படிக்காத வரி.

நாற்பது வயதுக்கு மேல் எழுத ஆரம்பித்த ஒரு பெண், அடிக்குறிப்பு இல்லாமல், நம்முடைய ஆற்றையும் வாய்க்காலையும் அடுத்த கண்டத்துக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அனுப்பினோம். அந்தப் பெண்மணியும் பிரமாதம் என்று பதில் போட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெளியீட்டு விழா டவுனில் ஒரு மண்டபத்தில். புத்தகம் அச்சகத்திலிருந்து பெட்டி பெட்டியாக நேராக மண்டபத்துக்கு வந்தது. வாசலில் நின்று ஆட்களை வரவேற்கவே எனக்கு நேரம் போதவில்லை, பிரித்துப் பார்க்கவில்லை. பாக்கியத்தம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், பொன்னாடை போர்த்துவதற்காக. கஸ்தூரி கெஞ்சிக் கூத்தாடித் தன் கூடப்பிறந்த மூத்த அண்ணனையும் வரவழைத்திருந்தாள். அவன் உட்காரவில்லை. பின்னால் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அம்மா அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் வந்ததே பெரிசு என்று கஸ்தூரி என் காதில் சொன்னாள். மேடையில் பெரிய திரை. அதில் அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மைக்கின் முன் நின்று கதையின் கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்தார். கிளாஸைச் சாய்த்துப் பிடிக்கும் இடம் வந்தது. மண்டபம் அப்படியே கட்டுண்டு கிடந்தது. பிறகு வாசித்தார்: "பாதியை அவருக்கு ஊற்றினாள். மீதியைத் தானே குடித்தாள்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் திரும்பிப் பார்த்தேன். மூத்த மகன் போய்விட்டிருந்தான். கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், வேறு எங்காவது தன் வரி இருக்குமா என்று தேடுகிறவள் மாதிரி. பாக்கியத்தம்மா மகளின் கையைப் பிடித்து, "யாருடி குடிச்சது?" என்று கேட்டார்.

நான் மேடை ஓரம் போய் அண்ணனைப் பிடித்தேன். "என்னா அண்ணே இது?"

"கடைசி நேரத்துல அவங்க மாத்திட்டாங்க. நான் சரின்னுட்டேன். இல்லாட்டி கதையே வராது."

"இங்கிலீஷுல மாத்துனாங்க, சரி. தமிழ யாரு மாத்துனது?"

"ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும்ல? எதிர் எதிர் பக்கம், படிக்கிறவன் கேக்க மாட்டானா?"

"மூலம் எது அண்ணே?"

அவர் கண் கலங்கியிருந்தது. "நம்ம கத ஒலகத்துல ஒக்காருது ம்மா. ஒரு வரிதான லா" என்றார். மொழிபெயர்ப்பு மூலத்தைத் தவறவிடுவதை என் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். மொழிபெயர்ப்புக்கு ஏற்றபடி மூலத்தைத் திருத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் தமிழ்நாட்டு எழுத்தாளரை எதிர்த்து மைக் பிடித்த அதே கையால். வெளியாள் கேட்டால் சண்டை போடத் தெரிந்தவருக்கு, விருந்தாளி கேட்டபோது மறுக்கத் தெரியவில்லை. அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதற்குள் பாக்கியத்தம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கையும் நீட்டினார்கள். அவர் மைக்கைப் பிடித்த விதத்திலேயே இதற்கு முன் பிடித்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. பார்வை கதவுப் பக்கமே இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் குடிக்கல. நான் ஊத்தவும் இல்ல. நான் பச்சத் தண்ணிதான் வச்சேன். எம்புள்ளைங்க அதுக்குத்தான் என்கிட்ட பேசறதில்ல. இன்னமும் பச்சத் தண்ணிதான் வைக்கிறேன். இனிமேயும் அதான்."

அந்த மண்டபத்தில் இருந்த தமிழர்கள், படையல் போடுகிறவர்கள், ஸ்டவுட் வைக்கிறவர்கள், அதைக் கேட்டுவிட்டுக் கை தட்டினார்கள். வெகுளியான அம்மா, கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை அறைந்திருப்பேன்.

திரையிலிருந்த பெண்மணி, "அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் அந்த அம்மா கையிலிருந்த மைக்கை வாங்கி, "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றார்.

நான் மேடை ஏறினேன். அண்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் செய்த வேலையை அன்றைக்கு ஒழுங்காகச் செய்தேன். கூட்டாமல், குறைக்காமல், அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். நான் குடிக்கவில்லை, ஊற்றவில்லை, பச்சைத் தண்ணீர் வைத்தேன், அதற்காகப் பிள்ளைகள் என்னோடு பேசுவதில்லை, இன்னும் தண்ணீர்தான் வைக்கிறேன் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது.

"தண்ணீர்!" என்றார். "எவ்வளவு அழகு. மன்னித்துவிட்டார்."

மறுபடியும் கை தட்டினார்கள். பாக்கியத்தம்மா பொன்னாடையோடு கீழே இறங்கி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாடி சொல்றாங்க அவங்க?"

கஸ்தூரி புத்தகத்தை மூடினாள். "அழகா இருக்குதாம்மா."

"எது?" என்று கேட்டார் பாக்கியத்தம்மா.